சுந்தரபாண்டியனும் வீரபாண்டியனும்: உடன்பிறந்தார் பகையும் வரலாற்றுப் பழியும்

முன்னுரை

தமிழக வரலாற்றில் உடன்பிறந்தார் இருவரின் பகை ஒரு பேரரசின் வீழ்ச்சிக்கே காரணம் எனக் கூறப்படும் நிகழ்ச்சி, முதலாம் மாறவர்மன் குலசேகரபாண்டியனின் மக்களாகிய சுந்தரபாண்டியனுக்கும் வீரபாண்டியனுக்கும் இடையே மூண்ட அரியணைப் போராகும். தந்தையைக் கொன்றவன், தம்பியோடு பொருதவன், டில்லிப் படையைத் தாய்நாட்டிற்கு அழைத்து வந்தவன் என்னும் மூன்று பழிகள் சுந்தரபாண்டியன்மீது சுமத்தப்பட்டுள்ளன. வீரபாண்டியனோ தந்தையின் அன்புக்குரியவன், அறிவும் துணிவும் மிக்கவன் என்னும் நற்பெயரைப் பெற்றுள்ளான். இத்தீர்ப்பு எச்சான்றுகளின்மேல் எழுந்தது, அச்சான்றுகள் அதனைத் தாங்குமா என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

இவ்வாய்வுக்கு நம் நாட்டுச் சூழல் சார்ந்த ஒரு தேவையும் உண்டு. பகாங் மாநிலத்தின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் பணியாற்றும் தமிழாசிரியர்களுடன் உரையாடும் வாய்ப்பு எனக்குப் பலமுறை கிட்டியதுண்டு. தோட்டத்துத் திருவிழா மேடைகளிலும் சங்கக் கூட்டங்களிலும் தமிழரின் ஒற்றுமையின்மையைச் சுட்டும் பேச்சாளர்கள் தவறாது எடுத்துக்காட்டும் சான்று பாண்டியச் சகோதரர் கதையே என்று அவர்கள் கூறுவர். ‘அண்ணன் தம்பியே அடித்துக்கொண்ட இனம் நாம்’ என்னும் கூற்று ஒரு தலைமுறையிலிருந்து மற்றொரு தலைமுறைக்குச் சொத்துப்போல் கைமாற்றப்படுகிறது. ஆகவே, எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பூசலைப் பற்றிய தீர்ப்பு, இன்று மலைத்தோட்டத்தில் பயிலும் ஒரு மாணவன் தன் இனத்தைப் பற்றிக் கொள்ளும் எண்ணத்தையும் உருவாக்குகிறது எனலாம்.

பாண்டியரின் கூட்டாட்சி முறை

பகையின் வேரைக் காணுமுன் பாண்டியரின் ஆட்சியமைப்பைக் காணுதல் வேண்டும். பாண்டிய அரசகுலத்தார் பலர் ஒரே காலத்தில் முடிசூடி, நாட்டின் வெவ்வேறு பகுதிகளை ஆண்டனர். சோழர் மெய்க்கீர்த்திகள் ‘ஐந்து பாண்டியர்’ எனக் குறிப்பதும் இம்மரபையே. மாறவர்மன், சடையவர்மன் என்னும் பட்டப்பெயர்கள் மாறிமாறி வழங்கின. ஒவ்வோர் அரசனும் தான் முடிசூடிய ஆண்டிலிருந்து தன் ஆட்சியாண்டைக் கணக்கிட்டான். ஒரே ஊர்க் கோயிலில் ஒரே காலத்தில் இரு பாண்டியரின் ஆட்சியாண்டுகள் பொறிக்கப்படுதலும் இதனால் நேர்ந்தது. சுந்தரபாண்டியன், வீரபாண்டியன், குலசேகரன் என்னும் பெயர்கள் மீண்டும் மீண்டும் சூட்டப்பட்டமையால் இன்னார் இன்னார் எனப் பிரித்தறிதல் அரிதாயிற்று. கல்வெட்டில் காணும் திதி, நாண்மீன், கிழமை ஆகியவற்றை வானியல் முறையில் கணித்தே அறிஞர்கள் ஒருவரை மற்றொருவரிடமிருந்து பிரித்துக் காட்டினர். கீல்ஹார்ன், எல். டி. சுவாமிக்கண்ணுப்பிள்ளை, பின்னர் என். சேதுராமன் ஆகியோரின் உழைப்பு இத்துறையில் குறிப்பிடத்தக்கது.

இம்முறைக்கு ஒரு வலிமையும் ஒரு நலிவும் இருந்தன. பரந்த நாட்டை ஒரே குலத்தார் பங்கிட்டுக் காத்தமை வலிமை. யார் தலைமையரசர் என்பதை உறுதிசெய்யும் தெளிவான விதி இல்லாமை நலிவு. மூத்தோன், பட்டத்தரசியின் மகன், முதலில் முடிசூடியவன், தந்தை விரும்பியவன் என நான்கு தகுதிகள் இருந்தன. நான்கும் ஒருவனிடமே அமைந்தால் பூசல் இல்லை. அவை இருவரிடம் பிரிந்து நின்றால் வாளே தீர்ப்புக் கூறும் நிலை ஏற்பட்டது.

இந்நலிவு குலசேகரன் காலத்தில் புதிதாகத் தோன்றியதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பராக்கிரமபாண்டியனும் மற்றொரு குலசேகரபாண்டியனும் மதுரைக்காகப் போரிட்டனர். ஒருவன் பக்கம் இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் படைத்தலைவன் இலங்காபுரன் வந்தான். மற்றவன் பக்கம் சோழர் படை நின்றது. இப்போரை இலங்கை நூலாகிய சூளவம்சம் ஒருவகையாகவும் காஞ்சிபுரத்தை அடுத்த ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டு மற்றொருவகையாகவும் கூறுகின்றன. அரியணைப் போரில் அயலார் துணையை நாடுதல் சுந்தரபாண்டியன் பிறப்பதற்கு முன்னரே பாண்டியர் அரசியலில் வழக்காகிவிட்டது என்பது இதனால் விளங்கும்.

குலசேகரனின் செல்வமும் மக்களும்

மாறவர்மன் குலசேகரன் 1268இல் முடிசூடி, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்டவன். 1279இல் சோழரும் போசளரும் அவனிடம் தோற்றனர்; மூன்றாம் இராசேந்திரனோடு சோழர் ஆட்சி முடிவுற்றது. அவன் காலத்தில் ஆரியச்சக்கரவர்த்தியின் தலைமையில் சென்ற படை இலங்கையின் யாப்பகூவாவைத் தாக்கிப் புத்தரின் புனிதப் பல்லைக் கைப்பற்றி வந்தது.

இவ்வாட்சியின் பொருள்வளம் முத்திலும் குதிரை வணிகத்திலும் அடங்கியிருந்தது. பாரசீக வளைகுடாவின் கீசு தீவிலிருந்து ஆண்டுதோறும் 1400 குதிரைகள் பாண்டியனுக்கு அனுப்பப்பட்டன என்றும், ஒரு குதிரையின் விலை 220 தினார் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வாசாப் எழுதுகிறார். அவ்வணிகத்தை நடத்திய சமாலுத்தீனின் உடன்பிறந்தாராகிய தக்கியுத்தீன் பாண்டியனின் அமைச்சராகவும் காயல் முதலிய துறைமுகங்களின் பொறுப்பாளராகவும் விளங்கினார். துறைமுகத்தையும் கருவூலத்தையும் கைக்கொண்டவன் குதிரையைக் கைக்கொள்வான். குதிரையைக் கைக்கொண்டவன் நாட்டைக் கைக்கொள்வான் என்னும் நிலை இருந்தது. எனவே, சகோதரர் பகையை வெறும் பொறாமைக் கதையாகக் கொள்ளுதல் பொருந்தாது.

குலசேகரன் இருக்கும்போதே இருமக்களும் கூட்டரசராயினர். கல்வெட்டுகளின்வழி வீரபாண்டியனின் ஆட்சித் தொடக்கம் 1297ஐ ஒட்டியும் சுந்தரபாண்டியனின் ஆட்சித் தொடக்கம் 1303ஐ ஒட்டியும் கணிக்கப்படுகின்றன. அதாவது, வீரபாண்டியன் ஏறத்தாழ ஆறாண்டுகள் முன்னதாகவே முடிசூடினான்.

மூவர் கூறும் மூன்று கதைகள்

இச்சகோதரர் பகையைப் பற்றிய விரிவான செய்திகளைத் தருவோர் அயல்நாட்டாரும் வடநாட்டாருமே. தமிழ்க் கல்வெட்டுகள் கொடையையும் வரிநீக்கத்தையும் பேசுகின்றனவேயன்றி, அரண்மனைப் பூசலைக் கதையாகக் கூறுவதில்லை.

முதலாமவர் வெனிஸ் நகர வணிகர் மார்க்கோ போலோ. 1292, 1293ஆம் ஆண்டுகளை ஒட்டி அவர் இப்பகுதிக்கு வந்தார். இந்நாட்டை ஐந்து சகோதர அரசர்கள் ஆண்டனர் என்றும், அவர்கள் தமக்குள் போரிட முனையும்போதெல்லாம் தாய் இடைநின்று, போரைக் கைவிடாவிடில் தங்களுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவதாகக் கூறித் தடுத்தாள் என்றும் அவர் எழுதினார். அத்தாய் இறந்தபின் அவர்கள் ஒருவரையொருவர் அழித்துக்கொள்வர் என்றும் முன்னறிந்து கூறினார். செய்தியின் நுணுக்கங்களை அப்படியே ஏற்கவேண்டுவதில்லை. எனினும், உள்நாட்டுப் போர் வெடிப்பதற்கு ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே வழிப்போக்கர் ஒருவருக்கும் அதன் அறிகுறிகள் புலப்பட்டன என்பது உறுதி. நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் இடையே நின்று சந்துசெய்ய முயன்ற கோவூர்கிழாரைப் புறநானூற்றில் கண்ட நமக்கு, இங்கு அப்பணியைத் தாயே மேற்கொண்டாள் என்னும் செய்தி நெஞ்சைத் தொடுவதாகும்.

இரண்டாமவர் வாசாப். பாரசீகத்தில் மங்கோலிய அரசின்கீழ் அலுவலராக இருந்தவர். சுந்தரபாண்டியன் பட்டத்தரசியின் மகன், மூத்தவன்; வீரபாண்டியன் வேறொரு பெண்ணின் மகன், இளையவன் என்பது அவர் கூற்று. தந்தை இளையவனைத் தன் வழித்தோன்றலாக அறிவிக்கவே, சினங்கொண்ட சுந்தரபாண்டியன் 1310ஐ ஒட்டித் தந்தையைக் கொன்று மதுரையில் முடிசூடினான் என்றும், முதற்போரில் வென்று பின்னர்த் தோற்று, டில்லிக்கு ஓடி அலாவுத்தீன் கில்ஜியிடம் அடைக்கலம் புகுந்தான் என்றும் அவர் எழுதுகிறார். தந்தைக்கொலை, டில்லி அடைக்கலம் ஆகிய இரு பழிகளுக்கும் ஊற்று இந்நூலே.

மூன்றாமவர் டில்லி அரசவைக் கவிஞர் அமீர் குஸ்ரு. மாலிக்காபூரின் தென்னகப் படையெடுப்பை அந்நிகழ்ச்சி நடந்த காலத்திலேயே எழுதியவர். அவர் தரும் செய்தி வாசாப்பின் கூற்றுக்கு மாறானது. வீரபாண்டியனே மூத்தவன், சுந்தரபாண்டியன் இளையவன். அதுவரை நட்போடு இருந்த இருவரும் ஒருவர்மேல் ஒருவர் படைதிரட்டிப் புறப்பட்டனர். அதையறிந்த போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் காவலற்ற அவர்தம் நகரங்களைக் கொள்ளையிட வந்து, டில்லிப் படை வருவதைக் கேட்டுத் திரும்பினான் என்கிறார். தந்தைக்கொலை பற்றி அவர் அங்கு ஒரு சொல்லும் கூறவில்லை. சுந்தரபாண்டியன் டில்லியின் உதவியை நாடினான் எனவும் கூறவில்லை.

யார் மூத்தவர் என்னும் அடிப்படைச் செய்தியிலேயே இருவரும் முரண்படுகின்றனர். வீரபாண்டியன் முதலில் முடிசூடினான் என்னும் கல்வெட்டுக் கணிப்பு குஸ்ருவின் கூற்றோடு இயைகிறது. வாசாப்போ இந்நிகழ்ச்சிகளைத் தொலைவிலிருந்து கேட்டு எழுதியவர். அவர் பாண்டிய நாட்டைப் பற்றித் தரும் செய்திகளில் பெரும்பகுதி குதிரை வணிகத்தைச் சுற்றியே அமைவதால், கீசு வணிகர்வழி அவரை எட்டிய செய்திகளே அவை எனக் கருத இடமுண்டு. துறைமுகத்து வணிகர் அரண்மனைச் செய்தியை அறிவர். ஆயினும், தமக்குச் சார்பான பக்கத்தின் செய்தியையே அவர்கள் மிகுதியாக அறிவர். சுந்தரபாண்டியனின் மூன்று பழிகளில் இரண்டு இவ்வொருவர் கூற்றின்மேல் மட்டுமே நிற்கின்றன என்பது வரலாற்று மாணவர் மறக்கலாகாத செய்தியாகும்.

அழைப்பா, படையெடுப்பா?

டில்லிப் படை அழைப்பை ஏற்று வந்ததா என்பது அடுத்த வினா. இதற்கு விடை காண நிகழ்ச்சிகளை நிரல்படுத்திக் காணுதல் போதுமானது. அலாவுத்தீன் 1296இலேயே தேவகிரியைச் சூறையாடிய செல்வத்தைக்கொண்டு அரியணை ஏறியவர். 1308இல் மாலிக்காபூர் மீண்டும் தேவகிரியைப் பணியவைத்தார். அடுத்து வாரங்கலைத் தாக்கி, 1310இல் பெரும்பொருளோடு டில்லி திரும்பினார். அவ்வாண்டு நவம்பரில் தென்னகம் நோக்கிப் புறப்பட்ட படை 1311 பிப்ரவரியில் துவாரசமுத்திரத்தை அடைந்தது. மார்ச்சில் பாண்டிய நாட்டினுள் நுழைந்தது. ஏப்ரலில் மதுரையை எட்டியது. தேவகிரி, வாரங்கல், துவாரசமுத்திரம், மதுரை என்னும் வரிசையில் படிப்படியாக நீண்ட கொள்ளைப் பாதையின் இறுதிப் படியே பாண்டிய நாடு. முதல் மூன்று நாடுகளுக்கும் சுந்தரபாண்டியன் அழைப்பு விடுக்கவில்லை. நான்காவதற்கு மட்டும் அழைப்பு தேவைப்பட்டிருக்குமா?

மேலும், அழைத்தவனுக்கு உதவ வந்த படை அவனது தலைநகரை எரிக்காது. மாலிக்காபூர் மதுரையை அடைந்தபோது அரசன் தன் தேவியருடன் முன்பே வெளியேறிவிட்டான், நகரம் வெறுமையாக இருந்தது, கோயில் எரியூட்டப்பட்டது. வீரபாண்டியனும் நகரம்விட்டு நகரம் துரத்தப்பட்டான். அப்படை சகோதரர் இருவரையும் பகைவராகவே நடத்தியது. மதுரையில் எவரையும் அது அரியணையில் அமர்த்தவில்லை. யானைகளையும் குதிரைகளையும் மணிகளையும் சுமந்துகொண்டு அவ்வாண்டு அக்டோபரில் டில்லி மீண்டது. கொண்டுசென்ற யானைகள் 512, குதிரைகள் 5000 என்பது குஸ்ருவின் கணக்கு. அரை நூற்றாண்டு கழித்து எழுதிய சியாவுத்தீன் பரணியின் கணக்கில் யானைகள் 612, குதிரைகள் 20,000 என உயர்ந்துவிடுகின்றன. புகழைப் போலவே கொள்ளைக் கணக்கும் காலம் செல்லச் செல்லப் பெருகும் இயல்பினது.

சகோதரர் பகை படையெடுப்பிற்குக் காரணமன்று எனினும், தோல்விக்குக் காரணமாயிற்று என்பதை மறுப்பதற்கில்லை. இரு படைகளும் ஒன்றையொன்று எதிர்நோக்கி நின்றமையால் வடக்கெல்லை காவலற்றுக் கிடந்தது. காட்டிக்கொடுத்தல் வேறு, காக்கத் தவறுதல் வேறு. முதலாவது ஒருவன்மீது சுமத்தும் குற்றம். இரண்டாவது இருவர்க்கும் பொதுவான பிழை. மரபுவழி வந்த கதை முதலாவதைச் சுந்தரபாண்டியனுக்கு அளித்து, இரண்டாவதிலிருந்து வீரபாண்டியனை விடுவித்துவிட்டது.

1311க்குப் பின்

மாலிக்காபூர் திரும்பிய பின்னரும் பகை தணியவில்லை. சேரநாட்டு வேணாட்டரசன் இரவிவர்மன் குலசேகரன் பாண்டிய நாட்டினுள் புகுந்து, வீரபாண்டியனை வென்று, காஞ்சிவரை சென்று வேகவதிக் கரையில் முடிசூடினான். 1316இல் காக்கத்தியப் படைத்தலைவன் முப்பிடி நாயக்கன் காஞ்சியைக் கைப்பற்றினான். 1317ஆம் ஆண்டைச் சார்ந்த திருவரங்கக் கல்வெட்டு, காக்கத்தியத் தலைவனாகிய தேவரி நாயக்கன் வீரபாண்டியனையும் சேர மன்னனையும் வென்று, சுந்தரபாண்டியனை வீரதவளத்தில் நிலைநிறுத்தியதாகக் கூறுகிறது. சுந்தரபாண்டியன் அயலார் துணையால் அரசு பெற்றமைக்கு நம் கோயிற் சுவரில் கிடைக்கும் சான்று இதுவே. அத்துணை டில்லியிலிருந்து வந்ததன்று, வாரங்கலிலிருந்து வந்தது. ஆயினும், மேடைப்பேச்சுகளில் காக்கத்தியரைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

1318இல் குஸ்ருகானும் 1323இல் உலுக்கானும் படையெடுத்தனர். 1335ஐ ஒட்டி மதுரையில் தனிச் சுல்தானகம் தோன்றியது. பாண்டியர் குலம் தெற்கே ஒதுங்கித் தென்காசியில் பல தலைமுறைகள் ஆண்டது.

பகாங் தரும் ஒப்பீடு

உடன்பிறந்தார் பகை ஓர் இனத்தின் குருதியில் ஊறிய குணமா என்னும் வினாவிற்கு விடை காண, கேமரன் மலை அமைந்துள்ள பகாங் மாநிலத்தின் வரலாறே போதிய சான்று தருகிறது. மலாக்காவின் சுல்தான் மன்சூர் ஷாவின் மகன் ஒருவர், பிரம்புப் பந்தாட்டத்தின்போது தம் தலைப்பாகையில் பந்து பட்டதற்காகப் பெண்டாஹாரா துன் பேராக்கின் மகனைக் குத்திக் கொன்றார் எனச் செஜாரா மெலாயு கூறுகிறது. துன் பேராக் பழிவாங்கப் புறப்பட்ட தம் மக்களைத் தடுத்தார். ஆனால், அவ்விளவரசர் மலாக்காவில் அரசராவதை ஏற்க மறுத்தார். அவர் பகாங்கை ஆள அனுப்பப்பட்டார். அவருடைய உடன்பிறந்தார் 1477இல் மலாக்காவில் சுல்தான் அலாவுத்தீன் ரியாயத் ஷாவாக அரியணை ஏறினார். அமைச்சர் ஒருவரின் மனவடக்கம் அங்கு உள்நாட்டுப் போரைத் தவிர்த்தது.

1857இல் பகாங்கின் பெண்டாஹாரா துன் அலி மறைந்தபின் நிகழ்ந்தது வேறு. அவருடைய மக்களாகிய துன் முத்தாகிரும் வான் அகமதுவும் 1863வரை போரிட்டனர். குவாந்தான், எண்டாவ் பகுதிகளின் வருவாய் தமக்குரியது என்பது இளையவராகிய வான் அகமதுவின் கோரிக்கை. மூத்தவருக்கு ஜொகூர் துணைநின்றது. இளையவருக்குத் திரெங்கானுவும் சயாமும் ஆதரவளித்தன. 1862 நவம்பரில் ஆங்கிலேயக் கப்பல்கள் கோலத்திரெங்கானுவைக் குண்டுவீசித் தாக்கின. இறுதியில் வான் அகமது வென்றார். பின்னர்ச் சுல்தான் அகமது எனப் பெயர் பெற்றார். அவர் ஆட்சிக்காலத்தில்தான், 1885இல், வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதியை அளந்தார். 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டமும், அதனைத் தொடர்ந்து தமிழர் உழைப்பால் எழுந்த பிற தோட்டங்களும் அம்மலையில்தான் அமைந்தன.

சுந்தரபாண்டியனும் வான் அகமதுவும் உடன்பிறந்தாரோடு பொருதனர்; இருவரும் அயலார் துணை பெற்றனர். முன்னவர் துரோகி எனப்பட்டார். பின்னவர் இன்றைய பகாங் அரசமரபின் நிறுவனராகப் போற்றப்படுகிறார். பின்னவரைப் பழிக்க இவ்வொப்பீட்டைக் கூறவில்லை. வென்றவருக்கு வாரிசும் வரலாற்றாசிரியரும் அமைகின்றனர். தோற்றவருக்குப் பழி ஒன்றே எஞ்சுகிறது என்னும் பொது உண்மையைக் காட்டவே கூறப்பட்டது.

டில்லியின் நிலையும் வேறன்று. அலாவுத்தீன் தம் சிறிய தந்தையும் மாமனாருமாகிய சலாலுத்தீனைக் கொன்று அரசு பெற்றவர். 1316இல் அவர் மறைந்ததும் அவருடைய மக்களாகிய கிசிர்கானும் சாதிக்கானும் மாலிக்காபூரால் கண் பறிக்கப்பட்டனர். எஞ்சிய உடன்பிறந்தானாகிய முபாரக் பின்னர் அவர்களைக் கொல்வித்தான். மதுரையை வென்றவர்களின் இல்லத்திலும் சகோதரக் கொலையே நிகழ்ந்தது. ஆயினும், அதனைக்கொண்டு ஓர் இனத்தின் குணத்தை எவரும் வரையறுக்கவில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. தந்தைக்கொலை என்னும் பழி தொலைவிலிருந்து எழுதிய ஒருவர் கூற்றை மட்டுமே சார்ந்தது. டில்லிப் படையை அழைத்தான் என்னும் பழி, அப்படையெடுப்பின் கால வரிசையோடும் மதுரைக்கு நேர்ந்த கதியோடும் பொருந்தவில்லை. சகோதரர் பகை உண்மை. அதன் விளைவாகிய காவலின்மையும் உண்மை. அதற்குக் காரணம் தெளிவற்ற வாரிசுரிமையும் துறைமுகச் செல்வத்தின்மேல் எழுந்த போட்டியுமே. இவை பாண்டியர்க்கு மட்டும் உரியன அல்ல. மதுரை, மலாக்கா, பெக்கான், டில்லி ஆகிய எவ்விடத்து அரண்மனையிலும் இவையே வேலை செய்தன.

சுந்தரபாண்டியன் குற்றமற்றவன் எனத் தீர்ப்பு வழங்குதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. அவன் தன் பங்கிற்கான பிழையைச் சுமக்கட்டும்; வீரபாண்டியனும் தன் பங்கைச் சுமக்கட்டும். ஆனால், அவ்விருவரின் பிழையைக் கேமரன் மலைத் தோட்டத்துப் பிள்ளைகளின் தோளில் ஏற்றுதல் முறையன்று. அம்மலையின் செங்குத்தான சரிவுகளில் காட்டை அழித்துத் தேயிலை நட்ட அவர்தம் பாட்டனும் பாட்டியும், ஒருவரோடொருவர் கூடி உழைக்கத் தெரிந்தவர்கள் என்பதற்கு அத்தோட்டங்களே சான்று. பாண்டியச் சகோதரர் கதையை ஆசிரியர்கள் வகுப்பறையில் கட்டாயம் கூறவேண்டும். அதனை இனத்தின் சாபமாகக் கூறாமல், யார் எழுதினார், எங்கிருந்து எழுதினார், மற்றொருவர் என்ன எழுதினார், கல்வெட்டு என்ன சொல்கிறது என வினவப் பழக்கும் பாடமாகக் கூறுதல் வேண்டும். அவ்வாறு வினவக் கற்ற மாணவன், மேடையில் ஒலிக்கும் ‘அண்ணன் தம்பியே அடித்துக்கொண்ட இனம்’ என்னும் கூற்றைக் கேட்டுத் தலைகுனியான்; அதற்குச் சான்று கேட்பான்.